நந்தாதேவியின் வாயில்



இமயம் என்னும் சொல் தமிழருக்குப் புதியதன்று. சேர மன்னன் இமயத்தில் விற்பொறித்தான் என்னும் செய்தியை நம் சிறார் கீழ்வகுப்புகளிலேயே கேட்டு வளர்கின்றனர். கங்கை பிறக்கும் திசையை நோக்கி நம் பெரியோர் கைகூப்பினர். எனினும், பனி என்றால் மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் துளியையே அறிந்த நமக்கு, மலையளவு திரண்டு பாறையையும் அரைத்துக்கொண்டு நகரும் பனியை மனக்கண்ணில் காண்பது எளிதன்று. உறைந்த நீர் ஆறாக ஓடுவதை நேரிற் கண்டவர் நம்முள் மிகச் சிலரே.

ஆறாக ஓடுவதென்று கூறியது வெறும் உவமையன்று. உயர்ந்த மலைகளில் ஆண்டுதோறும் பெய்யும் பனி கோடையிலும் முற்றாகக் கரைவதில்லை. பழைய பனியின்மேற் புதிய பனி ஏறி அமுக்க, அடியிலுள்ளது இறுகிக் கட்டியாகின்றது. அக்கட்டி தன் பாரந் தாங்காது சரிவை நோக்கி மெல்ல மெல்ல நகர்கின்றது. இதனையே பனியாறு என்கிறோம். இதன் வேகம் நாளொன்றுக்குச் சில அங்குலமாகவும் இருக்கலாம். சில அடியாகவும் இருக்கலாம். அது செல்லும் வழியெல்லாம் மலையைக் குடைந்து, மாடு நீர் குடிக்கும் தொட்டியைப் போல அடி அகன்று சுவர் நிமிர்ந்த பள்ளத்தாக்கை உண்டாக்குகின்றது. அப்பள்ளத்தாக்கு கடலோரத்தில் அமைந்து, பனி பின்வாங்கியபின் கடல் அதனுள் நுழைந்து நின்றால், அது நுழைகழி எனப் பெயர் பெறும். நோர்வே நாட்டார் இதனைப் பியோட் என்பர். நோர்வேயிலும், நியூசீலாந்தின் தென்மேற்குக் கரையிலும், அலாஸ்காவிலும் இத்தகைய நுழைகழிகள் நிறைந்த பெருநிலங்கள் தேசிய வனங்களாக ஒதுக்கப்பட்டுள்ளன.

நமது இமயத்தின் அடியிற் கடல் இல்லை. ஆதலின் அங்கு நுழைகழியும் இல்லை. ஆனால் பனியாறுகள் உண்டு. கடல் நுழையாத அவ்விடத்தில் மனிதனும் நுழைய இயலாதவாறு மலைகளே மதிலாக நின்ற ஒரு நிலமும் உண்டு. அதுவே இந்தியாவின் உத்தராகண்ட மாநிலத்தில், சமோலி மாவட்டத்தில் உள்ள நந்தாதேவி தேசிய வனம். அங்குச் சென்றவர்களின் வரலாற்றையே இன்று கூற எண்ணுகிறேன். அவ்வரலாற்றினூடே ஒரு வினாவும் எழுகின்றது. ஓரிடத்தைக் காணச் செல்பவனுக்கு அவ்விடத்தின்மேல் உள்ள உரிமை யாது? அதன் அடியிலேயே தலைமுறை தலைமுறையாக வாழ்பவனுக்கு உள்ள உரிமை யாது? இவ்விரண்டும் மோதும்போது நீதி எப்பக்கம் நிற்கும்?

முதலில் இடத்தின் இயல்பை அறிந்துகொள்வோம். நந்தாதேவிச் சிகரம் 25,643 அடி, அஃதாவது 7,816 மீற்றர் உயரமுடையது. முற்றிலும் இந்திய எல்லைக்குள் அமைந்த சிகரங்களுள் இதுவே உயர்ந்தது. அதன் கிழக்கே, தங்கையைப் போல, 7,434 மீற்றர் உயரமான இரண்டாஞ் சிகரம் நிற்கின்றது. இவற்றைச் சூழ்ந்து எழுபது மைல் சுற்றளவில் ஒரு மலைவளையம் உண்டு. அவ்வளையத்தின் சராசரி உயரம் ஏறக்குறைய 20,000 அடி. எந்த இடத்திலும் அது 17,000 அடிக்குக் கீழே தாழவில்லை. மேற்கே ஒரேயோர் இடத்தில் மட்டும் பிளவுபட்டுள்ளது. அப்பிளவின் வழியாகவே உள்ளேயுள்ள பனியாறுகள் உருகிய நீரெல்லாம் ரிஷிகங்கை என்னும் ஆறாக வெளியேறுகின்றது. ஆறு வெளியேறும் அவ்வழியே கோட்டையின் வாயில். ஆனால் அவ்வாயிலோ, இருபுறமும் ஆயிரக்கணக்கான அடி செங்குத்தாக நிமிர்ந்த பாறைகளுக்கிடையே நுரைத்துப் பாயும் ஒரு கெவி.

அந்த நீர் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. ரிஷிகங்கை ரேணி என்னும் சிற்றூரருகே தௌலிகங்கையிற் சேர்கின்றது. தௌலிகங்கை சோசிமடத்தின் அருகே அலகநந்தையோடு கூடுகின்றது. அலகநந்தை தேவப்பிரயாகையிற் பாகீரதியோடு கலந்தபின்பே கங்கை என்னும் பெயர் பெறுகின்றது. ஆழ்வார்கள் பாடிய திருப்பிரிதி என்பது இச்சோசிமடமே என்பது வைணவ மரபு. கண்டமென்னும் கடிநகர் என்பது தேவப்பிரயாகை. ஆகவே, நந்தாதேவியின் பனி உருகிவரும் கரைகளைத் தமிழ் நாவு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே பாடியது. நம்மவர் யாத்திரை அம்மலையின் அடிவாரத்தோடு நின்றது. அதற்கப்பாற் செல்ல எவரும் விரும்பவுமில்லை, வேண்டியதுமில்லை.

மலையடியில் வாழ்ந்த மக்களோ அதனைச் சிகரமென்று கருதவில்லை, மகளென்று கருதினர். கடுவால், குமாயூன் ஆகிய இரு நாட்டாருக்கும் நந்தை பிறந்தகத்துப் பெண். அவள் சிவபெருமானுக்கு வாழ்க்கைப்பட்டுப் பனிமலைக்குச் சென்றாள். பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை நடைபெறும் இராசயாத்திரை, அம்மகளைப் புகுந்த வீட்டுக்கு வழியனுப்பும் ஊர்வலமாகும். நான்கு கொம்புடைய ஆட்டுக்கடா ஒன்று முன்னே செல்லும். மக்கள் பாதம் நோக நடந்து மலையின் மடிவரை சென்று, சீர்வரிசை சுமந்த அக்கடாவைப் பனியை நோக்கி விடுத்துத் திரும்பிவிடுவர். நாமும் உமையை மலைமகள் என்கிறோம். ஆனால் அச்சொல் நமக்குப் புராணம். அவர்களுக்கோ குடும்பச் செய்தி.

அவர்களுள் போத்தியர் எனப்படுவோர் லாத்தா, ரேணி முதலிய மேட்டூர்களில் வாழ்ந்தனர். கோடையில் ஆடுகளைப் புறவளையத்துப் புல்வெளிகளுக்கு ஓட்டிச் செல்வர், மூலிகை கொணர்வர், கணவாய்களைக் கடந்து திபெத்து நாட்டோடு உப்பும் தானியமும் கம்பளியும் பண்டமாற்றுச் செய்வர். நந்தையின் உள்வளையத்தை மட்டும் அவர்கள் தீண்டவில்லை. அதற்கு வழியின்மை ஒரு காரணம். அச்சமும் அன்பும் மற்றொரு காரணம்.

இனி வெளியார் வந்த வரலாற்றைக் காண்போம். பிரித்தானிய நில அளவையாளர் இமயத்தை அளக்கத் தொடங்கிய நாளில், நந்தாதேவியே உலகிற் பெரிய மலையென்று சிலகாலம் கருதப்பட்டது. பெரியதென்று பெயர் பெற்ற பொருளை அடைய ஆசை பிறப்பது இயல்பு. 1883ஆம் ஆண்டில் கிரகாம் என்பவர் ரிஷிகங்கைக் கெவியின் வழியாக நுழைய முயன்று பின்வாங்கினார். 1905ஆம் ஆண்டில் மருத்துவர் லோங்ஸ்ராவ் கிழக்கு மதிலின் விளிம்பிலேறி உள்ளே எட்டிப் பார்த்தார், இறங்க இயலவில்லை. அவரே 1907இல் அம்மலைவளையத்தைச் சார்ந்த 7,120 மீற்றர் உயரமான திரிசூல் சிகரத்தில் ஏறினார். அதன்பின் ஹியூ ரட்லெஜ் என்னும் ஆங்கில அதிகாரி மீண்டும் மீண்டும் முயன்று, 1932இலும் தோல்வியுற்றார். நந்தாதேவியை நெருங்குவது வடதுருவத்தை அடைவதினும் அரிது என்பது அவர் கண்ட முடிவு. வடதுருவத்துக்காவது தடையாக நின்றது தொலைவு மட்டுமே; இங்கோ தொலைவு சிறிது, தடையோ பெரிது.

1934ஆம் ஆண்டில் எரிக் சிப்டன், டில்மன் என்னும் இரு ஆங்கிலேயர் வந்தனர். அவர்களுடன் வந்த ஷெர்ப்பாக்கள் மூவர்: ஆங் தார்க்கே, பாசாங், குசாங். பெரும்படையெனச் சுமையாட்களைத் திரட்டிச் செல்வதே அக்கால வழக்கம். இவர்களோ இங்கிலாந்திலிருந்து வந்து மீளும் செலவு உட்பட இருவருக்குமாக முந்நூறு பவுணுக்கும் குறைவான பணத்தில் அனைத்தையும் முடித்தனர். வெளிக்கெவி வரை வந்து திரும்பிய சுமையாட்களை அனுப்பிவிட்டு, ஐவரே சுமைகளைப் பங்கிட்டு, ஒரே வழியை மும்முறையும் நான்முறையும் நடந்து, பாறையின் சிறு விளிம்புகளைப் பற்றிப் பற்றி நகர்ந்தனர். கெவியின் இறுதிச் சில மைல்களைக் கடக்க ஒரு வாரத்துக்கும் மேலாயிற்று. யூன் மாதத் தொடக்கத்தில் அவர்கள் உள்வளையத்திற் காலடி வைத்தனர்.

அங்குக் கண்டது என்ன? பரந்த புல்வெளி, பூக்கள், பனியாறுகளின் வாய், இவற்றின் நடுவே ஒற்றைத் தூணாக எழுந்த சிகரம். நீலச் செம்மறி எனப்படும் காட்டாடுகள் மந்தை மந்தையாக மேய்ந்தன. அவை மனிதனைக் கண்டு ஓடவில்லை. ஓடவேண்டுமென்று அவை அறிந்திருக்கவில்லை. நேயர்களே, இச்சிறு செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிலம் மனிதனின் கைபடாதது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று கிடையாது.

இருவரும் அவ்வாண்டு சிகரத்தில் ஏறவில்லை. நிலத்தை அளந்து படம் வரைந்து திரும்பினர். இரண்டாண்டின்பின், 1936ஆம் ஆண்டு ஆகத்து 29ஆம் நாள், பிரித்தானியரும் அமெரிக்கரும் சேர்ந்த குழுவொன்றைச் சார்ந்த டில்மனும் நோயல் ஓடலும் உச்சியை அடைந்தனர். 1950இல் அன்னபூர்ணா ஏறப்படும்வரை, மனிதன் ஏறிய சிகரங்களுள் இதுவே உயர்ந்ததாக இருந்தது. ஏறிய மகிழ்ச்சியை அடுத்து, அம்மலையின் பெருமிதத் தலை தாழ்ந்ததே என்னும் துயரும் தமக்குத் தோன்றியதாக டில்மன் தம் நூலிற் குறித்துள்ளார். அதே காலத்தில் பிண்டர் ஆற்றங்கரையில் உள்ள தாரளி என்னும் ஊரில் வெள்ளம் புகுந்து பலரைப் பலிகொண்டது. தேவியின் சினமே இதுவென்று மக்கள் பேசிக்கொண்டனர். அப்பேச்சை நாம் நம்பவேண்டுவதில்லை. ஆனால் மகளின் தலைமேற் கால்வைத்த செய்தியைத் தாய்வீட்டார் எவ்வாறு கேட்டனர் என்பதற்கு அது சான்று.

வழி ஒருமுறை அறியப்பட்டால் அது மறக்கப்படுவதில்லை. 1939இல் அரசு இந்நிலத்தை வனவிலங்குச் சரணாலயமாக அறிவித்தது. அவ்வாண்டிலேயே போலந்து நாட்டார் இருவர் கிழக்குச் சிகரத்தில் ஏறினர். 1951இல் இரு சிகரங்களையும் ஒருங்கே கடக்க முயன்ற பிரெஞ்சு வீரர் இருவர் மீண்டு வரவில்லை. அவர்களைத் தேடிக் கிழக்குச் சிகரத்தில் ஏறியவர்களுள் ஒருவர், ஈராண்டின்பின் எவரஸ்டை வென்ற தென்சிங் நோர்கே. தம் வாழ்நாளில் ஏறிய மலைகளுள் மிகக் கடினமானது இதுவே என்று அவர் கூறியதுண்டு. 1964இல் நரேந்திர குமார் தலைமையில் இந்தியர் முதன்முறையாகத் தலைச்சிகரத்தை அடைந்தனர்.

மலையேறுவோரின் ஆசையினும் கொடியதொன்று அடுத்த ஆண்டு வந்தது. 1964 ஒக்டோபரிற் சீனா அணுகுண்டைச் சோதித்தது. அத்தகைய சோதனைகளை வேவுபார்க்கும் கருவியொன்றை உச்சியில் நிறுவ, அமெரிக்க உளவுத்துறையும் இந்திய உளவுத்துறையும் 1965இல் இரகசியமாக ஒரு குழுவை அனுப்பின. கருவிக்கு மின் தருவது புளூட்டோனியம் என்னும் கதிரியக்கப் பொருள். புயலிற் சிக்கிய குழுவினர் அதனை மலைச்சரிவிலேயே கட்டிவைத்துவிட்டு இறங்கினர். மறுவேனிலிற் சென்று பார்த்தபோது அதனைக் காணவில்லை. பனிச்சரிவு அதனை அடித்துச் சென்றிருக்கலாம் என்று கருதப்பட்டது. இன்றளவும் அது மீட்கப்படவில்லை. 1978இல் செய்தி வெளியாக, பிரதமர் மொரார்ஜி தேசாய் பாராளுமன்றத்தில் விளக்கமளிக்க நேர்ந்தது. கோடிக்கணக்கானோர் தீர்த்தமென்று அருந்தும் நீரின் ஊற்றுக்கண்ணில் வைக்கப்பட்ட பொருளை, அந்நீரை அருந்துவோர் பதின்மூன்று ஆண்டுகளின்பின்னரே அறிந்தனர்.

இவ்வரலாற்றில் 1974ஆம் ஆண்டு தனிச்சிறப்புடையது. அவ்வாண்டில் ஒரே பள்ளத்தாக்கில், ஒன்றுக்கொன்று மாறான இரு நிகழ்ச்சிகள் நடைபெற்றன.

முதலாவது ரேணிச் சிற்றூரில் நிகழ்ந்தது. அங்குள்ள காட்டை வெட்ட அரசு ஏலம் விட்டிருந்தது. மார்ச் 26ஆம் நாள், இராணுவம் எடுத்த நிலத்துக்கு நட்டஈடு தருவதாகக் கூறி ஆடவரைச் சமோலி நகருக்கு அழைத்திருந்தார்கள். அந்நேரம் பார்த்து மரம் வெட்டுவோர் காட்டுக்குள் நுழைந்தனர். அதனைக் கண்ட சிறுமியொருத்தி ஓடிவந்து கௌராதேவி என்னும் விதவைப் பெண்மணியிடம் கூறினாள். எழுத்தறியாத அப்பெண்மணி, சமையலிலிருந்தவர்களையும் வயலிலிருந்தவர்களையும் திரட்டினார். இருபத்தேழு பெண்கள் காட்டுக்குச் சென்று, மரங்களுக்கும் கோடரிக்கும் நடுவில் நின்றனர். வசைக்கும் அச்சுறுத்தலுக்கும் அஞ்சாது இரவும் அங்கேயே காவல் இருந்தனர். வெட்ட வந்தோர் திரும்பினர். சிப்கோ இயக்கம் என்று உலகம் அறிந்த மரங்காக்கும் இயக்கத்தின் பெருமைக்குரிய நாள் அதுவே.

இரண்டாவது நிகழ்ச்சி: அதே ஆண்டில், பல காலம் வெளிநாட்டாருக்கு மூடியிருந்த நந்தாதேவி வளையம் மீண்டும் திறந்துவிடப்பட்டது. பல நாட்டு மலையேறுநரும் திரண்டனர். 1976இல் அமெரிக்கக் குழுவொன்றில், இம்மலையின் அழகில் ஈடுபட்ட தந்தையொருவர் மகளுக்கிட்ட நந்தாதேவி என்னும் பெயரையே தாங்கிய இருபத்திரண்டு வயது மங்கை, தன் பெயர் கொண்ட மலையிலேயே நோயுற்று உயிர் நீத்தாள். 1981இல் இந்தியப் பெண்கள் மூவர் உச்சியை அடைந்தனர். வீரமும் துயரமும் நிறைந்த ஆண்டுகள் இவை என்பதில் ஐயமில்லை. ஆனால் வீரனுக்கும் அடுப்பெரிக்க விறகு வேண்டும். ஒவ்வொரு குழுவோடும் நூற்றுக்கணக்கான சுமையாட்களும் ஆடுகளும் சென்றனர். பண்டைக் காலத்தில் ஏடாகப் பயன்பட்ட பூர்ச்ச மரங்கள் விறகாயின. கத்தூரி மான் வேட்டையாடப்பட்டது. மூலிகைகள் வேரோடு பெயர்க்கப்பட்டன. தகரக் குவளைகளும் கயிறுகளும் கிழிந்த கூடாரங்களும் பனியாற்றின் ஓரத்திற் குவிந்தன. 1934இல் மனிதனைக் கண்டு ஓட அறியாத காட்டாடு, ஐம்பது ஆண்டுகளுக்குள் ஓடக் கற்றுக்கொண்டது.

ஒரே பள்ளத்தாக்கின் வாயிலில் நின்று பெண்கள் மரத்தைக் காத்தனர். அப்பள்ளத்தாக்கின் உள்ளே சென்றவர் மரத்தை எரித்தனர். இதனினும் தெளிவான பாடத்தை எந்த வரலாற்று ஆசிரியன் எழுத முடியும்?

அரசு விழித்தது. 1982ஆம் ஆண்டில் ஏறக்குறைய 630 சதுர கிலோமீற்றர் பரப்பு தேசிய வனமாக அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் எல்லோருக்கும் வாயில் அடைக்கப்பட்டது. 1988இல் யூனெஸ்கோ அதனை உலக மரபுரிமை நிலமாக ஏற்றது. வாயில் அடைபட்டுப் பத்தாண்டு கழித்து, 1993இல், இராணுவப் பொறியியலாளர் குழுவொன்று உள்ளே சென்று, முன்னையோர் விட்டுச்சென்ற குப்பையைச் சுமந்து வெளியேற்றியது. அக்காலத்திலும் பின்னரும் சென்ற ஆய்வாளர், புல்லும் செடியும் மீண்டும் தழைப்பதைக் கண்டனர். மனிதன் விலகிநின்றால் மலை தன் புண்ணைத் தானே ஆற்றிக்கொள்ளும் என்பது உறுதியாயிற்று.

ஆயினும் வரலாறு இவ்விடத்தில் மங்களம் பாடி முடியவில்லை. வாயிலை அடைத்தபோது யார் வெளியே நிறுத்தப்பட்டனர் என்பதையும் நாம் கேட்கவேண்டும். வெளிநாட்டு மலையேறுநனுக்கு இமயத்தில் வேறு நூறு சிகரங்கள் உண்டு. லாத்தா ஊரானுக்கு வேறு புல்வெளி உண்டா? 1962ஆம் ஆண்டுப் போரோடு திபெத்து வாணிகம் நின்றது. இருபது ஆண்டின்பின் மேய்ச்சல் நிலமும் மூலிகையும் சுமைக்கூலியும் ஒருங்கே போயின. குப்பையைப் போட்டவர் ஒருவர்; தண்டனை பெற்றவர் மற்றொருவர். மரத்தைக் காத்த பெண்களின் பிள்ளைகளே தம் காட்டுக்குள் நுழைந்தாற் குற்றவாளிகள் எனப்பட்டனர். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த ஊரார், 1998இல் தடையை மீறி வனத்துள் கூட்டமாகச் சென்று தம் உரிமையைக் கேட்டனர். 2001இல் கூடி, தம் நிலத்துக்கு வருவோர் எவ்வாறு வரவேண்டும் என்பதைத் தாமே வரையறுத்து ஒரு பிரகடனம் செய்தனர். பின்னர் 2003இல் வனத்தின் புறவிளிம்பில் மட்டும், தொகை வரையறுத்து, உள்ளூர் வழிகாட்டிகளோடு செல்ல இசைவு அளிக்கப்பட்டது. உள்வளையம் அடைபட்டே இருந்தது.

இவ்வழக்கு இமயத்துக்கு மட்டும் உரியதன்று. நுழைகழிகளுக்கும் பனியாறுகளுக்கும் பேர்போன அலாஸ்காவின் பனியாற்று விரிகுடாவிலும் இதுவே நடந்தது. அங்கு வாழ்ந்த ஊனா இனத்தாரைப் பதினெட்டாம் நூற்றாண்டில் முன்னேறிய பனியாறே ஊரைவிட்டுத் துரத்தியது. பின் பனி பின்வாங்கக் கடல் நுழைந்தது. 1879இல் ஜோன் மியூர் என்னும் அறிஞர், அந்நாட்டுப் பழங்குடியினர் செலுத்திய ஓடத்தில் அமர்ந்தே அவ்விடத்தைக் கண்டு உலகுக்கு உரைத்தார். 1925இல் அது காப்பு நிலமாகவும் 1980இல் தேசிய வனமாகவும் ஆயிற்று. பனி துரத்தியவர்களைச் சட்டம் மீண்டும் துரத்தியது. மூதாதையர் பொறுக்கிய கடற்பறவை முட்டையைப் பொறுக்குவதும் குற்றமாயிற்று. 2014இல் அதற்கென ஒரு சட்டம் இயற்றி அவ்வுரிமை திருப்பி அளிக்கப்பட்டது. 2016இல் அவ்வினத்தாரின் குலமனை வனத்துக்குள்ளேயே எழுப்பப்பட்டது. தவறு காலந்தாழ்ந்தேனும் திருத்தப்படலாம் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

இனி, நம் காலத்துச் செய்தியொன்று. 2021ஆம் ஆண்டு பெப்ரவரி 7ஆம் நாள் காலை, நந்தாதேவி வனத்தை அடுத்த ரோந்தி மலையிலிருந்து பாறையும் பனிக்கட்டியுமாக ஏறக்குறைய இரண்டு கோடியே எழுபது இலட்சம் கன மீற்றர் திரள் பெயர்ந்து வீழ்ந்தது. வீழ்ச்சியின் வெம்மையிற் பனி நீராகி, சேறும் கல்லுமாக ரிஷிகங்கைவழியே பாய்ந்தது. அக்கெவியின் வாயிலிற் கட்டப்பட்டிருந்த நீர்மின் நிலையம் அழிந்தது; கீழே தபோவனத்திற் கட்டப்பட்டுவந்த மற்றொன்று சிதைந்தது. சுரங்கத்தில் வேலை செய்த கூலித்தொழிலாளர் உட்பட இருநூறு பேருக்கு மேல் மாண்டனர் அல்லது காணாமற்போயினர். அவ்வெள்ளம் முதலிற் தாக்கிய ஊர்களுள் ஒன்று, கௌராதேவி மரங்காத்த அதே ரேணி.

வனத்தின் வாயிலை அடைத்தோம். ஆற்றின் வாயிலில் அணை கட்டினோம். ஆடு மேய்ப்பவனை உள்ளே விடாத சட்டம், சுரங்கம் வெடிவைத்துக் குடைபவனை விளிம்பில் நிறுத்திவைத்தது. மேலும், உலகெங்கும் எரியும் நெய்யும் நிலக்கரியும் வானை வெப்பமாக்க, இமயத்துப் பனியாறுகள் ஆண்டுக்காண்டு மெலிந்து வருகின்றன. எந்த வேலியும் வெப்பத்தைத் தடுக்காது. நம் கொழும்பு வீதியிற் செல்லும் வாகனத்தின் புகையும் அம்மலையைச் சென்று காண்கின்றது. இசைவுச் சீட்டு இல்லாமலே செல்கின்றது.

நேயர்களே, இவையெல்லாம் எங்கோ நடப்பவை என்று எண்ணவேண்டா. நம் நாட்டிற் சிவனொளிபாதமலைக்கு மார்கழி தொடங்கி வைகாசிவரை இலட்சக்கணக்கானோர் ஏறுகின்றனர். அடியார் வணங்கிவிட்டு இறங்கியபின், வழியெங்கும் கிடக்கும் பிளாஸ்டிக் போத்தல்களை யார் வணங்குவது? பக்தியோடு ஏறியவன் இறங்கும்போது பக்தியை மலையிலும் குப்பையைக் காட்டிலும் விட்டு வருகிறான்.

இன்னும் அருகே வருவோம். ஹெந்தளைக்கு வடக்கே நீர்கொழும்புக் களப்புவரை முத்துராஜவெலச் சதுப்பு நீண்டு கிடக்கின்றது. பண்டு அரசனின் நெல்வயலாக விளங்கியதென்று வழங்கும் அந்நிலம், அந்நியர் வெட்டிய கால்வாய்களால் உவர்நீர் புகுந்து வயலென்னும் நிலையை இழந்தது. பிரித்தானியர் 1802 முதல் 1804 வரை வெட்டிய ஹமில்டன் கால்வாய் இன்றும் ஹெந்தளையைத் தொட்டுச் செல்கின்றது. வயல் போயினும் சதுப்பு பயனற்றுப்போகவில்லை. மழைவெள்ளத்தைத் தன் மடியில் வாங்கி நம் வீடுகளைக் காப்பது அது. மீன்குஞ்சுகளுக்குத் தொட்டிலாவது அது. 1996இல் அதன் வடபகுதி சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. எனினும் மண்கொட்டி நிரப்புவோரும் குப்பை கொட்டுவோரும் ஓய்ந்தபாடில்லை.

ஆனால் அதே நீர்நிலையில் நாம் கற்கவேண்டிய நல்லதொரு வழக்கமும் உண்டு. நீர்கொழும்புக் களப்பின் வாயிலிற் கட்டுவலை கட்டி இறால் பிடிக்கும் மீனவர், எவன் எந்நாளில் எவ்விடத்தில் வலை கட்டுவது என்பதைத் திருவுளச்சீட்டினாற் தீர்மானிக்கின்றனர். நான்கு ஊர்ச் சங்கங்கள் தலைமுறை தலைமுறையாக அம்முறையைப் பேணி வந்துள்ளன. வலிமையுடையவன் எல்லாவற்றையும் அள்ளிக்கொள்வதில்லை; எளியவன் வெளியே தள்ளப்படுவதுமில்லை. அளவும் முறையும் உண்டு. அவற்றை வகுத்தவர் அந்நீரையே நம்பி வாழ்வோர். லாத்தா ஊரார் 2001இற் கேட்டதும் இதுவே.

ஆகவே, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வரலாறு தரும் விடையை இவ்வாறு தொகுத்துக் கூறலாம். காணச் செல்பவனுக்கு உள்ளது விருந்தினன் உரிமை. விருந்தினன் அழைத்த அறையிலிருந்து உண்டு, கலத்தைத் தூய்மையாக வைத்து, காலத்தோடு எழுந்து செல்பவன். அடியில் வாழ்பவனுக்கு உள்ளது வீட்டார் உரிமை. அதனோடு வீட்டைக் காக்கும் கடமையும் உண்டு. வீட்டாரை வெளியேற்றிவிட்டு வீட்டைக் காப்பதாகக் கூறுவது காவலாகாது.

1955ஆம் ஆண்டு மே மாதத்தில், உலகின் மூன்றாவது உயர்ந்த சிகரமாகிய கஞ்சன்சங்காவில் முதன்முதலாக ஏறிய ஜோர்ஜ் பாண்ட், ஜோ பிரவுண் என்னும் இருவரும் உச்சிக்குச் சில அடி கீழே நின்றுவிட்டனர். அவ்வுச்சியைத் தெய்வமாக வழிபடும் சிக்கிம் மக்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பதற்காகவே அவ்வாறு நின்றனர். ஏறத்தாழ 28,000 அடி ஏறியவர்களுக்கு எஞ்சிய சில அடிகளை ஏறும் வலிமை இல்லாமற்போகவில்லை. எனினும் அவர்கள் ஏறவில்லை. அவர்கள் விட்டுவைத்த அச்சில அடி உயரமே, அவர்கள் ஏறிய உயரத்தினும் பெரிதென்று எனக்குத் தோன்றுகின்றது.